டென்மார்க்கின் மக்கள் பள்ளியும் நம் சங்கத்து மகாசபையும்

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபைக்குப் போயிருந்தோம். ஊரின் பெயர் வேண்டாம். அது எந்த ஊராகவும் இருந்திருக்கலாம் என்பதே நம் வருத்தம். நூற்றுக்கு மேற்பட்ட அங்கத்தினர் வந்து தரையில் விரித்த ஜமக்காளத்தில் அமர்ந்திருந்தனர். காரியதரிசி ஐந்தொகையை வாசித்தார். கையிருப்பு, சரக்கிருப்பு, வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய கடன் என்று தொகைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. கால்மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஏதேனும் கேட்க விரும்புவோர் கேட்கலாம் என்று தலைவர் மரியாதையாகவே அழைத்தார். ஒருவரும் எழவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று. காராபூந்தியும் தேநீரும் வழங்கப்பட்டன.

கூட்டம் கலைந்தபின் எதிரேயிருந்த தேநீர்க் கடையில் சிறிது நேரம் நின்றோம். சற்று முன்பு வாய் திறவாதிருந்த அதே அங்கத்தினர்கள் அங்கே அத்தனை கேள்விகளையும் கேட்டுக்கொண்டிருந்தனர். சேலைகள் ஏன் இவ்வளவு தேங்கிவிட்டன? வர வேண்டிய பாக்கி யாரிடம் நிற்கிறது? நூல் வாங்கிய விலைக்கும் நமக்குப் பற்று எழுதிய விலைக்கும் வித்தியாசம் ஏன்? ஒவ்வொன்றும் தணிக்கையாளர் கேட்கத்தக்க கேள்வி. "இதையெல்லாம் உள்ளே கேட்டிருக்கலாமே, ஐயா" என்றோம். நாற்பது ஆண்டு தறியில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எழுந்து நின்னா எங்களுக்குப் பேச்சு வராதுங்க. படிச்சவங்க நாலு பேர் இருக்கிற இடம்."

அதே ஊரில் ஒரு நெசவாளி அம்மையார் தம் பாஸ்புத்தகத்தை நம்மிடம் கொண்டுவந்தார். நூல் எடை, துணி எடை, சேதாரம், கூலி, சேமிப்புப் பிடித்தம் ஆகியவை வரிசையாக எழுதப்பட்டிருந்தன. சேதாரக் கணக்கில் மட்டும் அவருக்கு ஐயம். எட்டு மாதமாக ஐயம் இருந்தும், ஒவ்வொரு முறையும் கையெழுத்திட்டிருக்கிறார். அருகில் நின்ற மகள் வணிகவியல் பட்டதாரி. அதுவும் முதல் வகுப்பு. நீங்கள் பார்த்துச் சொல்லக்கூடாதா என்று அப்பெண்ணிடம் கேட்டோம். "அம்மா புத்தகத்தை நான் பார்த்ததே இல்லை சார்" என்று அவள் கூச்சத்துடன் விடையிறுத்தாள். ஐயத்தைத் தீர்க்கக் கால்மணி நேரமே பிடித்தது. பிழை ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு பாவின் எடை இருமுறை ஏறியிருந்தது, அவ்வளவே. பின்னர் அது சரிசெய்யப்பட்டது. ஆனால் பெரும் கம்பெனிகளின் லாப நஷ்டக் கணக்கைத் தேர்வுக்காகப் போட்டுப் பழகிய பெண், தன் தாயின் எட்டு மாத உழைப்பு எழுதப்பட்ட இருபது பக்கத்தைத் திறந்தும் பார்த்ததில்லை என்பது நம்மை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவளைக் குறை கூற நமக்குத் தகுதியும் இல்லை. நாமும் ராச்டேல் கோட்பாடுகளை வரிசை மாறாமல் ஒப்பித்துத் தேறி, உத்தியோகத்துக்கு வந்தவர்தாம். உத்தியோகம் கிடைக்கும்வரை எந்தச் சங்கத்தின் மகாசபையிலும் நாம் அமர்ந்ததில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் மனத்திற்கொண்டே, கூட்டுறவு படித்தவர் எல்லோரும் ஒரு பத்தி படித்துவிட்டு மறந்துவிடுகிற டென்மார்க்கைப் பற்றி எழுதத் துணிகிறோம். அந்நாட்டின் வெண்ணெயைப் பற்றியும் பன்றியிறைச்சியைப் பற்றியும் பாடப்புத்தகங்கள் நிறையவே கூறும். அவற்றுக்கு முன்னால் வந்த பள்ளிக்கூடத்தைப் பற்றி அவை கூறுவது குறைவு.

டென்மார்க் சிறிய நாடு. மணலும் குளிர்காற்றும் மிகுந்த நாடு. அங்குள்ள குடியானவன் 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை, பிறந்த பண்ணையை விட்டு வெளியேற உரிமையற்றுக் கட்டுண்டு கிடந்தவன். அக்கட்டு 1788-ல் சட்டத்தால் அவிழ்க்கப்படலாயிற்று. 1814-ல் பிள்ளைகள் அனைவருக்கும் ஏழாண்டுக் கல்வி கட்டாயமாயிற்று. ஆக, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் டென்மார்க் விவசாயிக்கு எழுத்தும் எண்ணும் ஓரளவு தெரியும். நிலமும் சிறிது உண்டு. ஆனால் சபையில் வாய் திறக்க வராது. நம் தேநீர்க் கடைப் பெரியவரின் நிலைதான்.

இந்நிலையை மாற்ற வேண்டும் என்று எழுதியவர் கிருண்ட்விக் (1783-1872) என்னும் பாதிரியார். அவர் பாடலாசிரியர், சரித்திர ஆராய்ச்சியாளர், ஓயாத வாதப் பிரியர். நாட்டில் ஆலோசனைச் சபைகள் ஏற்பட்டுவிட்டன. நாளை குடியானவனும் அங்கே அமர்வான். அமர்ந்தால் போதுமா, பேச வேண்டாமா என்பதே அவருடைய கவலை. லத்தீன் மொழியையும் நெட்டுருவையும் தேர்வையும் அவர் வெறுத்தார். வளர்ந்த இளைஞர்கள் தம் தாய்மொழியில், ஆசிரியரின் வாய்மொழியைக் கேட்டும் எதிர்ப்பேச்சுப் பேசியும் கற்கும் பள்ளி வேண்டும் என்றார். அத்தகைய முதல் மக்கள் உயர்பள்ளி 1844 நவம்பரில் ரோடிங் என்னும் ஊரில் தொடங்கிற்று. அடுத்த மாதமே, அதே 1844 டிசம்பரில், இங்கிலாந்தின் ராச்டேலில் நெசவாளரும் பிற தொழிலாளருமாகச் சிலர் கூடித் தம் கடையைத் திறந்தனர். ஒன்றை மற்றொன்று அறியாது. ஆயினும் கூட்டுறவு வரலாற்றைப் படிப்போர் இவ்விரண்டு மாதங்களையும் சேர்த்தே நினைவிற்கொள்ளலாம் என்பது நம் எண்ணம்.

கிருண்ட்விக் சிந்தித்தார், பள்ளியாக நடத்திக் காட்டியவர்களுள் தலையாயவர் கிறிஸ்டன் கோல்ட் என்பவர். செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பிள்ளை. மதப் பாடநூலைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தே தீர வேண்டும் என்ற விதிக்கு உடன்பட மறுத்தமையால் அவருக்கு ஆசிரியர் வேலை கிட்டவில்லை. துருக்கி நாட்டு ஸ்மிர்னாவுக்குப் போய்ச் சில ஆண்டுகள் புத்தகம் கட்டிப் பிழைத்தார். திரும்பும்போது திரியெஸ்ட் துறைமுகத்தில் இறங்கித் தம் மூட்டைகளை ஒரு கைவண்டியிலேற்றி, அதை இழுத்துக்கொண்டு ஐரோப்பாவினூடே நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். 1851-ல் ரிஸ்லிங்கே என்னும் கிராமத்தில் அவர் பள்ளி திறந்தபோது, ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின்கீழ் உண்டு, ஒரே பரணில் உறங்கினர். பகலில் பாடம், இரவில் படுக்கையில் கிடந்தபடியே பேச்சு. தம் வீட்டில் குளிர்காலத்தில் சும்மா இருந்திருக்கக்கூடிய உழவர் பிள்ளைகள் அவர்கள்.

இப்பள்ளிகளின் ஏற்பாடு எளியது. வயல் உறங்கும் குளிர்காலத்தில் ஆண்களுக்கு ஐந்து மாதம். கோடையில் பெண்களுக்கு மூன்று மாதம். வயது பதினெட்டுக்கு மேல். நாட்டு வரலாறு, தாய்மொழி, பாட்டு, கணக்கு, உலகச் செய்தி, தேகப்பயிற்சி. தேர்வு கிடையாது, எனவே தேறினவன், தவறினவன் என்ற பேதமும் கிடையாது. படித்து முடித்தவன் வேலை தேடிப் பட்டணம் போகவில்லை. காரணம், அப்படிப்பைக் காட்டிப் பெறக்கூடிய வேலை எதுவுமே இல்லை! பசுவும் நிலமும் எங்கேயோ அங்கேயே திரும்பினான். ஆனால் திரும்பியவன் போனவன் அல்லன்.

1864-ல் அந்நாடு ஜெர்மானியரிடம் போரில் தோற்றது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நிலம் பறிபோயிற்று. ரோடிங் ஊரும் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. அங்கிருந்த ஆசிரியர்கள் மறு ஆண்டே எல்லைக்கு இப்பால் ஆஸ்கோ என்ற இடத்தில் புதிய பள்ளி கண்டனர். தோல்விக்குப் பின்னரே நாடெங்கும் இப்பள்ளிகள் பெருகின. அடுத்த அடி சந்தையிலிருந்து வந்தது. 1870-களில் அமெரிக்கத் தானியமும் ருஷ்யத் தானியமும் ஐரோப்பாவில் வந்து குவிந்து, விலை சரிந்தது. தானியத்தை விற்று வாழ்ந்த டென்மார்க் விவசாயி, இனித் தானியத்தை மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டு, வெண்ணெயும் இறைச்சியும் விற்றாலன்றிப் பிழைக்க வழியில்லை என்று கண்டான். நாலு பசு வைத்திருப்பவன் தனியே நல்ல வெண்ணெய் எடுக்க இயலாது. அப்போதுதான் பாலிலிருந்து ஏட்டைப் பிரிக்கும் சுழல் இயந்திரம் வந்திருந்தது. அதை ஒருவன் வாங்க முடியாது, பலர் சேர்ந்தால் வாங்கலாம்.

1882-ல் மேற்கு ஜட்லாந்தின் ஹ்யெடிங் கிராமத்தில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை எழுந்தது. விவசாயிகள் கூட்டாகப் பொறுப்பேற்றுக் கடன் வாங்கினர். வீட்டுத் தேவைக்குப் போக எஞ்சிய பால் முழுவதையும் பண்ணைக்கே ஊற்றுவது என்று தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொண்டனர். ஏடெடுத்த பால், பன்றிகளுக்காக உடையவனிடமே திரும்பிற்று. லாபம் ஊற்றிய பாலின் அளவுக்கேற்ப. வாக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று. நாற்பது பசு உடையவனுக்கும் இரண்டு பசு உடையவனுக்கும் சபையில் ஒரே குரல். பத்து ஆண்டுகளுக்குள் இத்தகைய பண்ணைகள் பல நூறாயின. இருபதாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில் ஆயிரத்தைத் தாண்டின. 1887-ல் ஹார்சன்ஸ் நகரில் முதல் கூட்டுறவு இறைச்சிச் சாலை ஏற்பட்டது. 1866-லேயே தீஸ்டெட் நகரில் ஒரு பாதிரியார் ராச்டேல் முறையில் நுகர்வோர் கடை தொடங்கியிருந்தார்.

இங்கே நம் துறையினர் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. டென்மார்க்கில் கூட்டுறவுச் சங்கங்களுக்கென்று தனிச்சட்டம் இயற்றப்படவில்லை. ஆயிரம் பால்பண்ணைகளும் தத்தம் துணைவிதிகளைத் தாமே எழுதிக்கொண்டு நடந்தன. சட்டம் இல்லையேல் பதிவாளர் இல்லை; பதிவாளர் இல்லையேல் ஆய்வாளர் ஏது? நாம் அங்கே பிறந்திருந்தால் வேறு பிழைப்புத்தான் பார்த்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் வரிசை தலைகீழாயிற்று. விவசாயிகளின் கடன் துயரைத் தீர்க்க வழி காணும்படி சென்னை அரசாங்கம் பிரடெரிக் நிக்கல்சனைப் பணித்தது. அவர் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் விரிவான அறிக்கை தந்தார். ஜெர்மனியின் ரைபைசன் சங்கங்களே நமக்கு மாதிரி என்று முடிவு கூறினார். 1904-ல் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவல்லிக்கேணியில் பண்டகசாலையும், செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் கிராமக் கடன் சங்கமும் எழுந்தன. 1935-ல் கைத்தறி நெசவாளரின் தலைமைச் சங்கமாகிய கோ-ஆப்டெக்ஸ் பிறந்தது. இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பவர் நன்றி கெட்டவர். மார்வாடி வட்டியிலிருந்தும் மாஸ்டர் வீவரின் பிடியிலிருந்தும் எத்தனை குடும்பங்களை அவை மீட்டன என்பதை இவ்வேட்டின் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. எனினும் அங்கே முதலில் பள்ளி, பிறகு சங்கம், சட்டம் வரவேயில்லை. இங்கே முதலில் சட்டம், பிறகு சங்கம். பள்ளியை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் நம் கல்வி தாழ்ந்தது, அவர்கள் கல்வி உயர்ந்தது என்று சொல்லிவிடலாமா? அப்படிச் சொல்வது பெரும் பிழை. 1956-ல் காமராஜர் ஆட்சியில் விரிந்த மதிய உணவுத் திட்டமும், 1982-ல் வந்த சத்துணவும், 2022-ல் தொடங்கிய காலை உணவும் நம் பிள்ளைகளுக்குச் செய்ததை டென்மார்க் தன் பிள்ளைகளுக்குச் செய்ததில்லை. அங்கே வீட்டிலிருந்து ரொட்டி கட்டிக்கொண்டு போவதே நெடுநாள் வழக்கம். அவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக மெல்ல நடந்த வழியை நாம் இரண்டு தலைமுறையில் ஓடிக் கடந்தோம். எழுதப் படிக்கத் தெரியாத நெசவாளியின் மகள் பட்டதாரி ஆகிறாள் என்றால், அது எளிய காரியமன்று. அந்தப் பெண்ணைப் பற்றி மேலே எழுதியபோதும் நமக்கு அவள்மீது பெருமிதமே மிஞ்சி நின்றது.

வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. நம் கல்வி ஏணியாக அமைந்திருக்கிறது. ஏணியில் ஏறுபவன் மேலே பார்த்தே ஏறுவான். ஏறிய பின் கீழ்ப்படியில் அவனுக்கு வேலை இல்லை. எவன் ஏறினான், எவன் சறுக்கினான் என்று சொல்ல மதிப்பெண் வேண்டும். இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அவன் பெற்றோருக்கும் மார்ச் மாதம் எப்படிக் கழிகிறது என்பதை எல்லோரும் அறிவோம். டென்மார்க்கின் பொதுப் பள்ளியில் இன்றும் எட்டாம் வகுப்புக்கு முன் மதிப்பெண் இடுவதில்லை. மக்கள் உயர்பள்ளிகளிலோ தேர்வு நடத்தலாகாது என்பதே விதி. எழுபதுக்கு மேற்பட்ட பள்ளிகள் இன்றும் நடக்கின்றன.

அந்த ஏணியில் ஏறாதவனுக்கு, அல்லது பாதியில் இறங்கிவிட்டவனுக்கு, நம்மிடம் என்ன இருக்கிறது? எட்டாம் வகுப்போடு நின்று தறியில் அமர்ந்தவனுக்கு வயது இப்போது நாற்பத்தைந்து. அவன் ஒரு சங்கத்தின் சொந்தக்காரர்களுள் ஒருவன். லட்சக்கணக்கில் புரளும் வாணிபத்தில் அவனுக்கு ஒரு வாக்கு உண்டு. அவனுடைய கல்வி முப்பது ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டதாக நாடு கருதுகிறது. அவனும் அவ்வாறே கருதிக்கொள்கிறான். மகாசபையின் மௌனத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழக்கூடும், எழுவதும் நியாயம். நெசவாளனுக்கு ஏற்ற கல்வி, உழவனுக்கு ஏற்ற கல்வி என்று யாரேனும் பேசத் தொடங்கினால் தமிழர் காதைத் தீட்டிக்கொள்வர். 1953-ல் ராஜாஜி ஆட்சியில் தொடக்கப் பள்ளியின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றொரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. கைவிட்டது சரியே என்பதில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை. தறிக்காரன் பிள்ளைக்குத் தறியே என்று எட்டு வயதில் தீர்ப்பு எழுத எவருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் டென்மார்க்கின் பள்ளி அதற்கு நேர் எதிரானது. அது பிள்ளைகளின் பள்ளியன்று. தம் தொழிலைத் தாமே தேர்ந்துகொண்ட வளர்ந்தவர்களின் பள்ளி. அங்கே பால் கறக்கக் கற்றுத்தரவில்லை. பால் கறக்க அவனுக்கு முன்னமேயே தெரியும். பேரரசர்களின் கதையும் தன் பாட்டனின் அடிமை வாழ்வின் கதையும், அண்டை நாட்டின் நிலையும், சபையில் நிற்கும் முறையும் சொல்லப்பட்டன. இப்படிப் பயின்றவர்கள் திரும்பிப் போய் வெண்ணெயைப் பற்றிச் சண்டையிடாமல் முடிவெடுத்தார்கள் என்பதுதான் வியப்பு. அப்பண்ணைகளின் தலைவர்களிலும் மேலாளர்களிலும் கணிசமானோர் இப்பள்ளிகளில் ஒரு குளிர்காலம் கழித்தவர்கள்.

எல்லாப் புகழையும் பள்ளிக்கே கொடுத்துவிடுவதற்கில்லை. பால் நுட்பத்தைப் பெரும்பண்ணைகள் முன்பே பழகி வழிகாட்டியிருந்தன. இங்கிலாந்தின் சந்தை கூப்பிடு தூரத்தில் இருந்தது. விவசாயப் பள்ளிகளும் விஞ்ஞானிகளும் துணைநின்றனர். பள்ளிக்கு எவ்வளவு பங்கு, சந்தைக்கு எவ்வளவு பங்கு என்று சரித்திர ஆசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். தவிரவும் அப்பள்ளிகளுக்குப் போனவர்கள் பெரும்பாலும் சொந்த நிலமுடைய உழவரின் பிள்ளைகளே. கூலியாளின் பிள்ளை அதிகம் போகவில்லை. கூட்டுறவும் அப்படியே: பசு இல்லாதவனுக்குப் பால்பண்ணையில் என்ன இடம்? இந்தக் குறையை மறைத்து டென்மார்க்கைச் சொர்க்கமாகக் காட்டும் நூல்களை நாம் நம்புவதில்லை. இப்போதோ அச்சிறு பண்ணைகள் ஒன்றோடொன்று கலந்து, 2000-ல் எல்லை தாண்டி ஸ்வீடன் நாட்டுச் சங்கத்துடனும் இணைந்து, ஆர்லா என்ற பெருநிறுவனமாகிவிட்டன. மக்கள் உயர்பள்ளிகளில் இன்று அமர்ந்திருப்போரும் உழவர் அல்லர். பல்கலைக்கழகம் புகுமுன் ஓராண்டு இளைப்பாறும் நகரத்துப் பிள்ளைகளே பெரும்பாலர்.

நம் நாட்டிலும் இம்மாதிரி முயற்சி நடவாமலில்லை. 1950-களில் ஜனதா கல்லூரி என்ற பெயரில் டென்மார்க் மாதிரியைச் சில இடங்களில் நட்டுப் பார்த்தனர்; வேர் பிடிக்கவில்லை. அரசாங்கம் மேலிருந்து திறந்த பள்ளி என்பதும், படித்தவன் உடனே சர்டிபிகேட் எங்கே, உத்தியோகம் எங்கே என்று கேட்டதும் காரணங்களாயிருக்கலாம் என்று தோன்றுகிறது. கேட்டவன்மேல் தப்பில்லை. ஏணியின் நாட்டில் படி ஒன்றைக் காட்டினால், இது எங்கே ஏறும் என்றுதானே கேட்பான்?

இப்போது பணத்தின் பேச்சுக்கு வருவோம். ராச்டேல் முன்னோடிகள் 1850-களிலேயே தம் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரையைக் கல்விக்கென ஒதுக்கி, படிப்பகமும் நூலகமும் வைத்தார்கள். நம் சங்கங்களும் லாபம் கண்டால் கூட்டுறவுக் கல்வி நிதிக்குப் பணம் கட்டுகின்றன. ஐந்தொகையில் அந்த வரியைப் பாருங்கள். அப்பணத்தின் பயன் பெரும்பாலும் ஊழியர்களுக்கும் ஊழியராக விரும்புவோருக்கும் போய்ச்சேருகிறது. கூட்டுறவு மேலாண்மை நிலையங்களின் பட்டயப் பயிற்சி நல்ல பயிற்சியே. 2025-ல், ஐக்கிய நாடுகள் சபை கூட்டுறவு ஆண்டு என அறிவித்த அதே ஆண்டில், பாராளுமன்றச் சட்டத்தால் குஜராத்தின் ஆனந்தில் திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகம் அமைந்ததும் வரவேற்கத்தக்கதே. ஆனால் இவை யாவும் சங்கத்தை நடத்துவோருக்கான கல்வி. சங்கத்தின் சொந்தக்காரனுக்கான கல்வி எது? கூட்டுறவு வாரத்தில் கொடியேற்றி, பேச்சுப் போட்டி நடத்தி, எவர்சில்வர் டம்ளர் கொடுப்பதோடு அது முடிந்துவிடுகிறது.

பெரிய கட்டடம் எதையும் நாம் கேட்கவில்லை. டென்மார்க்கின் குளிர்காலத்துக்கு ஈடான காலம் நம்மிடமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் பாவு விரித்துப் பசை போட முடியாது. குழித்தறியில் நீர் ஊறும். நெசவாளன் கையைக் கட்டிக்கொண்டு கடன் கேட்கும் மாதங்கள் அவை. உழவனுக்குச் சம்பா அறுவடை முடிந்து, வயல் வெடித்துக் கிடக்கும் பங்குனியும் சித்திரையும். சங்கத்துக் கிடங்கில் விளக்கும் விசிறியும் உண்டு. பத்து இரவு போதும். பெண்களுக்கு இரவு ஒத்துவராது. அவர்களுக்குப் பகல் மூன்று மணிக்கு வைக்கலாம்.

முதல் பாடநூல் அவரவர் பாஸ்புத்தகமாகட்டும். தன் கணக்கைத் தானே வாய்விட்டு வாசித்து, எந்தப் பத்தி எதற்கு என்று பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லட்டும். அதன்பின் சங்கத்தின் துணைவிதி; எத்தனை அங்கத்தினர் அதைக் கண்ணால் கண்டிருப்பார்கள் என்று கேட்கவே அச்சமாயிருக்கிறது. பின்பு ஐந்தொகை. சென்ற ஆண்டு ஐந்தொகையைப் பலகையில் எழுதிவைத்து, வரிக்கு வரி ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்லட்டும்; அதாவது மகாசபையை ஒத்திகை பார்க்கட்டும். கணக்கு அலுத்த இரவுகளில் வட்டார வரலாறு உண்டு, பாட்டு உண்டு, பழைய நெசவாளர் இயக்கத்தை நேரில் கண்ட முதியவர்களின் வாய்மொழி உண்டு. கடைசி நாள் எல்லோரும் சேர்ந்து சமைத்து உண்ணட்டும். இது விளையாட்டாகச் சொன்னதன்று. கோல்ட் தம் மாணவரோடு ஒரே பரணில் உறங்கினார் என்பது டென்மார்க்கில் எளிமையின் அடையாளம். மகாசபையில்கூடத் தெருவாரியாக அமரும் நம் ஊர்களில் ஒரே பந்தியில் அமர்வது அதைவிடப் பெரிய பாடம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம்: தேர்வு வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். சான்றிதழ் என்று ஒன்று வந்துவிட்டால், வராதவன் பெயரிலும் அது எழுதப்படும். நம் துறையை நாம் அறிவோம்.

காரியதரிசிகளுள் சிலர் இதைப் படித்து முகம் சுளிப்பர். ஒரு நண்பர் நேரிலேயே சொன்னார்: "உங்களுக்கென்ன, பத்து நாள் பாடம் சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள், வருஷம் முழுவதும் கேள்விக்குப் பதில் சொல்வது நானல்லவா?" அவர் நேர்மையானவர், அதனால்தான் வெளிப்படையாகச் சொன்னார். சம்பளம் குறைவு, வேலை அதிகம், மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய படிவங்கள் ஏராளம். அவருடைய அலுப்பு நமக்குப் புரிகிறது. ஆயினும் அவரிடம் ஒரு கேள்வி கேட்டோம். சங்கத்தில் பணம் கையாடப்பட்ட வழக்குகள் எத்தனையோ நம் பார்வைக்கு வந்திருக்கின்றன. அவற்றுள் கேள்வி கேட்கும் அங்கத்தினர் நிறைந்த சங்கம் ஏதேனும் ஒன்று உண்டா? கையாடியவன் வெளியேறிய பின், கையெழுத்திட்ட பாவத்துக்காக வழக்கு மன்றம் ஏறி நின்றவர்களும் நேர்மையான காரியதரிசிகளே. நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்னர் தம் கிடங்கின் சாவியை எப்போது தர வேண்டும் என்று கேட்டார்.

வருகிற ஐப்பசியில் அவருடைய சங்கத்தில் பத்து இரவு அமரவிருக்கிறோம். இது அலுவல் ஆணையன்று, விடுப்பெடுத்துக்கொண்டு போகிறோம். பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து ஊரில் இருக்கும் பாஸ்புத்தக அம்மையாருக்கும் செய்தி எட்டி, ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்: பகல் வகுப்பு உண்டென்றால் தாம் வருவதாகவும், தம் மகளும் வரலாமா, பட்டதாரிக்கு இடம் உண்டா என்றும். உண்டு என்று சொல்லி அனுப்பினோம். வரும்போது அம்மாவின் புத்தகத்தை அவளே எடுத்துவரட்டும் என்றும் சேர்த்துச் சொன்னோம்.